மட்டம் பார்க்காமல் தூர்வாரலாமா?

"ஆற்றில் தண்ணீர் போகிறது, வாய்க்காலில் ஏறவில்லை." காவிரி, கொள்ளிடக் கரை விவசாயிகள் அடிக்கடி சொல்லும் குறை இது. உடனே வாய்க்காலைத் தூர்வாரக் கேட்கிறோம். ஆற்றின் படுகை, தலைப்பு மதகின் அடிமட்டத்தைவிடக் கீழே போயிருந்தால் வாய்க்காலை மட்டும் தூர்வாரி என்ன பயன்?

படுகை இறங்கக் காரணம் தெரிந்ததுதான். 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணை, மேலிருந்து வரும் மணலைத் தேக்கிக்கொள்கிறது. கீழே இருந்ததை நாம் லாரியில் அள்ளிவிட்டோம். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு கொள்ளிடக் கதவணையில் 9 மதகுகள் வெள்ளத்தில் போயின. 1830-களில் கட்டியது, வயதும் காரணம்தான். ஆனாலும் அணைக்குக் கீழே படுகை தாழ்ந்தால் அஸ்திவாரத்தில் அரிப்பு கூடும்.

எனவே தூர்வாரும் பணிக்கு முன் இரண்டு அளவுகளை நீர்வளத்துறையிடம் கேளுங்கள்: மதகின் அடிமட்டம், அதற்கு எதிரே ஆற்றுப் படுகையின் மட்டம். பணி நடக்கும் இடத்தில் இவற்றைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்பது என் கருத்து. செயற்கைக்கோள் படம் மணல் திட்டு நகர்வதையும் கரை அரிவதையும் காட்டும். படுகையின் ஆழத்தைக் காட்டாது. அதை இறங்கித்தான் அளக்க வேண்டும்.

நீங்களும் அளக்கலாம். கோடையில் ஊர்ப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் பெயின்டால் குறியிட்டு, அங்கிருந்து கல் கட்டிய கயிற்றைப் படுகைவரை இறக்குங்கள். தூணை ஒட்டி வேண்டாம், அங்கே குழி விழுந்திருக்கும். இரு தூண்களுக்கு நடுவே பாருங்கள். ஆண்டுதோறும் அதே குறியில், மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்கு முன்பே அளந்து, சங்க நோட்டில் எழுதி வையுங்கள்.