வயசான நாய்: ‘போதும்’னு எப்போ முடிவு பண்றது?

எமர்ஜென்சி ஃபண்ட் கணக்கு போடும்போது வாடகை, இஎம்ஐ, அப்பா அம்மா மருத்துவச் செலவு எல்லாம் எழுதுவோம். வாசல்ல படுத்திருக்கிற 13 வயசு நாயை யாரும் எழுதறதில்ல. அதுக்கு கிட்னி கெட்டுப்போச்சுன்னு டாக்டர் சொல்ற அன்னைக்குத்தான் அந்தக் கணக்கே ஆரம்பிக்குது.

உதாரணத்துக்கு, எண்ணூர்ல இருக்கிற ஒருத்தருக்கு கைக்கு 35,000 ரூபாய் சம்பளம்னு வெச்சுக்குவோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாய்க்கு டிரிப்ஸ். கிளினிக்குக்கு 700, ஆட்டோ போக வர 500. மாசம் 15 தடவைன்னா 18,000. சம்பளத்துல பாதிக்கு மேல காலி. பெட் இன்சூரன்ஸும் இந்த நேரத்துல கைகொடுக்காது. பாலிசி எடுக்க வயசு வரம்பு இருக்கு, ஏற்கெனவே வந்த நோய்க்கு கவர் கிடையாது.

இங்கதான் ரெண்டு தப்பு நடக்குது.

ஒண்ணு, “இவ்வளவு செலவு பண்ணிட்டோம், இப்ப விட்டா எல்லாம் வீண்”. நஷ்டத்துல இருக்கிற ஷேரை விக்க மனசு வராத அதே புத்திதான் இது. இன்னொண்ணு, காசு தீர்ந்த நாளையே நாயோட கடைசி நாளா ஆக்கிடறது. ரெண்டுலயும் நாயோட வலி கணக்குல வரவே இல்ல.

என்னைக் கேட்டா, முடிவை நாயோட நிலைமைதான் சொல்லணும். அதுக்கு ஒரு அளவுகோல் இருக்கு. அமெரிக்க கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004ல கொடுத்த மதிப்பெண் முறை. வலி இல்லாம இருக்கா, சாப்பிடுதா, உடம்புல நீர்ச்சத்து இருக்கா, சுத்தமா இருக்கா, சந்தோஷமா இருக்கா, நடக்குதா, கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா? ஏழுக்கும் 0 முதல் 10 வரை மார்க். நல்லா இருந்தா 10. மொத்தம் 35க்கு மேல இருந்தா சிகிச்சையைத் தொடரலாம்.

வாரம் ஒரு தடவை, வீட்ல ரெண்டு பேர் தனித்தனியா மார்க் போடுங்க. நீங்க ஷிஃப்டுக்குப் போனப்புறம் பகல் முழுக்க பாத்துக்கிறது அம்மான்னா, அவங்க மார்க்கை நம்புங்க.

பெரிய செலவுக்கு முன்னாடி இன்னொரு டாக்டர்கிட்டயும் கேளுங்க. 1903ல தொடங்கின மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி நம்ம பக்கம், வேப்பேரியிலதான் இருக்கு. கேட்க வேண்டியது மூணே கேள்வி: இது குணமாகுமா, இல்ல தள்ளிப்போடறோமா? எத்தனை நாள்ல முன்னேற்றம் தெரியணும்? தெரியலைன்னா அடுத்து என்ன?

“உயிரை எடுக்க நாம யாரு?”ன்னு வீட்ல கேப்பாங்க. நியாயமான கேள்வி. 2018ல சேலம் கோயில் யானை ராஜேஸ்வரி எழுந்திருக்க முடியாம கிடந்தப்போ இது சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போச்சு. மருத்துவர் பரிசோதிச்சு, உயிரோட வெச்சிருக்கிறதுதான் கொடுமைன்னு சான்று கொடுத்தா கருணைக்கொலை செய்யலாம்னு கோர்ட் சொல்லிச்சு. அதுக்குள்ள ஏப்ரல் 21ம் தேதி யானை தானாவே இறந்துடுச்சு. முடிவெடுக்கிற சங்கடம் மனுஷங்களுக்கு மிச்சம். காத்திருந்த நாளோட வலி யானைக்கு.

உங்க நாய்க்கு இப்போ 7, 8 வயசுன்னா, இன்னைக்கே மாசம் 1,000 ரூபாய்க்கு ஒரு ஆர்டி போடுங்க. 5 வருஷத்துல 60,000, வட்டி தனி. அந்தப் பணம் ஆயுளைக் கூட்டாது. ஆனா பர்ஸ் முடிவெடுக்காது, நீங்க எடுப்பீங்க.

அந்த நாள் வந்தா ஒரு கேஷுவல் லீவு போடுங்க. கடைசி ஊசி போடும்போது அதோட தலை உங்க மடியில இருக்கட்டும்.