ஜெயித்தது யார் என்ற கேள்வி

அமெரிக்காவில் ஜனாதிபதி பதவிக்கு நிற்கும் அபேட்சகர்கள் இருவரும் ஒரே மேடையில் வாதாடி முடித்த மறுகணமே ஒரு கேள்வி கிளம்பிவிடுகிறது: 'ஜெயித்தது யார்?' பத்திரிகைக்காரர் கேட்கிறார், கட்சிக்காரர் கேட்கிறார், கேட்டவரே பதிலும் சொல்லிவிடுகிறார். இந்தக் கேள்வியே தப்பு என்கிறேன் நான். மல்யுத்தக் கொட்டகையில் கேட்க வேண்டியதை ஒரு தேசத்தின் தலைவிதியைப் பற்றிக் கேட்கிறார்கள்.

1960-ஆம் வருஷம் செப்டம்பர் 26-ஆம் தேதி, சிக்காகோவில் ஒரு டெலிவிஷன் நிலையத்தில் கென்னடியும் நிக்ஸனும் வாதாடியதைச் சுமார் 7 கோடிப் பேர் பார்த்தார்கள். நிக்ஸன் முழங்கால் உபாதையால் ஆஸ்பத்திரியில் கிடந்து மெலிந்து வந்திருந்தார். முறையாக அரிதாரம் பூசிக்கொள்ள மறுத்தார். விளக்குச் சூட்டில் அவர் முகம் வேர்த்தது. கென்னடியோ கருநிறச் சூட்டில் மாப்பிள்ளை மாதிரி நின்றார். இதெல்லாம் இன்றுவரை ஊரறிந்த கதை. அன்று அவர்கள் பேசியது என்ன என்று கேட்டுப் பாருங்கள். கதை சொன்னவரே விழிப்பார். உபாத்தியாயர்களின் சம்பளம், வயோதிகர்களின் வைத்தியச் செலவு, விவசாயியின் விளைச்சல் என்று ஜனங்களின் வயிற்றோடும் வாழ்வோடும் சம்பந்தப்பட்ட விஷயங்களைத்தான் பேசினார்கள். வேர்வை நினைவிருக்கிறது, விஷயம் மறந்துவிட்டது.

"கண்ணை நம்பாதே, காதை நம்பு" என்று உபதேசிக்கும் மேதாவிகள் உண்டு. ரேடியோவில் கேட்டவர்கள் நிக்ஸன்தான் ஜெயித்தார் என்றார்களாம். அதுவே அவர்களுக்கு அத்தாட்சி. அந்தக் கணிப்பில் ரேடியோ மட்டும் கேட்டவர்கள் சொற்பம் என்றும், அவர்களில் பலர் முன்பே நிக்ஸன் பக்கம் சாய்ந்திருக்கலாம் என்றும் பின்னால் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். அது கிடக்கட்டும். காது மட்டும் நம்மை ஏமாற்றாதா?

அதே வருஷம் அக்டோபர் 21-ஆம் தேதி நாலாவது விவாதம் நடந்தது. காஸ்ட்ரோவை எதிர்க்கும் கியூபாக்காரர்களுக்கு உதவ வேண்டும் என்பது கென்னடி தரப்பின் வாதம். அது பொறுப்பற்ற யோசனை, ஒப்பந்தங்களுக்கு விரோதம், லத்தீன் அமெரிக்கச் சிநேகிதர்களை இழக்க வைக்கும் என்று நிக்ஸன் அழகாக, அடுக்கடுக்காக வாதாடினார். ஆனால் அந்தக் கியூபாக்காரர்களுக்கு ரகசியமாக ஆயுதப் பயிற்சி தரும் திட்டம் அப்போதே அவர் உபஜனாதிபதியாக இருந்த சர்க்காரில் நடந்துகொண்டிருந்தது. அதை ஆதரித்தவர்களில் அவரும் ஒருவர். ரகசியத்தைக் காப்பதற்காகவே மாறாகப் பேசினேன் என்று 1962-இல் வெளிவந்த 'ஆறு நெருக்கடிகள்' என்ற தம் புத்தகத்தில் அவரே எழுதினார். கென்னடி பதவிக்கு வந்து, 1961 ஏப்ரலில் அந்தத் திட்டத்துக்கு உத்தரவு கொடுத்தார்; பன்றிகள் வளைகுடாவில் அது படுதோல்வி கண்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சிறைப்பட்டார்கள். சரியான வாதத்தைச் சொன்னவர் அதை நம்பவில்லை; நம்பியவர் தவறிவிட்டார். மேடையை மட்டும் கேட்டு மார்க்குப் போட்ட எந்த மேதாவியால் இதைக் கண்டுபிடித்திருக்க முடியும்?

இன்னொரு கூட்டம் 'பளிச்' என்ற பதிலுக்கு மயங்கும். 1984-இல் ரீகனுக்கு வயது 73. இந்த வயதில் இந்தப் பாரத்தைத் தாங்குவீரா என்று கேட்டபோது, எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் தாம் அரசியலுக்குப் பயன்படுத்தப் போவதில்லை என்றார். எதிராளி மாண்டேலே சிரித்துவிட்டார். பாத்திரங்களுக்கு வசனம் எழுதிப் பிழைக்கிறவன் நான்; அந்த வசனத்தின் நயம் எனக்குத் தெரியும். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் அதில் எங்கே இருக்கிறது? சபை சிரித்த சிரிப்பில் கேள்வி செத்துப்போயிற்று.

சரி, ஜனங்களாவது தாமாகத் தீர்ப்புச் சொல்கிறார்களா? 1976-இல் கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று ஜனாதிபதி ஃபோர்டு சொன்னார். அது பெரும் பிசகு. ஆனால் அன்றிரவே எடுத்த கணிப்பில் அவர் கைதான் ஓங்கியிருந்தது. மறுநாள் பத்திரிகைகளும் டெலிவிஷனும் அந்த ஒரு வாக்கியத்தையே திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்ன பிறகு கார்ட்டர் ஜெயித்தார் என்று கணிப்பு மாறிவிட்டது. விவாதத்தைப் பார்த்தவர்கள் அவர்களேதான். தீர்ப்பு மட்டும் இரவல்.

2024-ஐக் காட்டி என்னை மடக்கலாம். ஜூன் 27-ஆம் தேதி அட்லாண்டாவில் பைடன் தடுமாறினார். ஜூலை 21-ஆம் தேதி போட்டியிலிருந்து விலகினார். மேடை ஓர் உண்மையைக் காட்டிக்கொடுக்கவில்லையா என்பார்கள். காட்டிக்கொடுத்தது, மறுக்கவில்லை. ஒரு மனிதனால் முடியவில்லை என்பதை மேடை காட்டும். முடிகிற மனிதன் என்ன செய்வான் என்பதைக் காட்டாது. முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதும் தெரிந்துவிட்டதாக எண்ணுவதுதான் ஆபத்து.

ஏனென்றால் அந்தப் பதவியில் உட்கார்ந்தவன் செய்ய வேண்டிய காரியமே வேறு. 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்ததும், உடனே குண்டு போடுங்கள் என்று சேனாதிபதிகள் கென்னடியை நெருக்கினார்கள். அவர் பல பேருடைய யோசனையைக் கேட்டார், தாமதித்தார், கடல் வழியை மறித்தார், எதிரி கௌரவமாகப் பின்வாங்க ஒரு வழியும் விட்டார். 13 நாட்கள் உலகம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் அவருக்குத் துணை நின்றது சிக்காகோவில் போட்டிருந்த கருநிறச் சூட்டா? இரண்டு நிமிஷத்துக்குள் பதில் சொல்லும் சாமர்த்தியமா? அன்று இரண்டு நிமிஷத்தில் பதில் சொல்லியிருந்தால் நாம் இன்று இதைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்க மாட்டோம்.

ஆகவே விவாதத்தைப் பாருங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்த்த இரவே தீர்ப்புச் சொல்லாதீர்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததா, அந்தப் பதில் அவர் இதுவரை செய்த காரியங்களோடு ஒத்துப்போகிறதா, அதை நிறைவேற்றினால் செலவும் சாவும் யார் தலையில் விழும் என்று ஒரு வாரம் ஆர அமர விசாரியுங்கள். நடிகனுக்குக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இவனுக்குத் தட்டினால் நாலு வருஷம் அவன் கையில்தான் இருக்க வேண்டும்.