கையெழுத்துப் போட்டால் தண்ணீர் வருமா?



ஜெர்மனியிலும் பிரான்சிலும் குடியுரிமை பெற்றுவிட்ட நம் பிள்ளைகள் சிலர், "ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்டு என்ன சார் ஆகப்போகிறது? எல்லாம் பிரஸ்ஸல்ஸ் அதிகாரிகள் முடிவுதானே?" என்கிறார்கள். அவர்களுக்காகவே இந்தப் பதிவு.

2012 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு வழி இருக்கிறது. குறைந்தது ஏழு நாடுகளிலிருந்து பத்து லட்சம் குடிமக்கள் கையெழுத்திட்டால், ஒரு சட்டத்தைக் கொண்டுவரும்படி ஐரோப்பிய ஆணையத்தைக் கேட்கலாம். இதில் முதன்முதலாக இலக்கைத் தொட்டது தண்ணீர்ப் பிரச்சினை. பொதுத்துறைத் தொழிற்சங்கங்கள் முன்னின்றன. தண்ணீர் மனித உரிமை, விற்பனைச் சரக்கு அல்ல என்பது கோரிக்கை. 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அதில் பெரும்பகுதி ஜெர்மானியர்கள்.

என்ன நடந்தது? கையெழுத்து குவிந்துகொண்டிருந்தபோதே, 2013-ல், பொதுச் சேவைகளைத் தனியாருக்கு ஒப்பந்தத்தில் விடுவதற்கான விதிகளிலிருந்து தண்ணீரை விலக்கினார்கள். ஆனால், தண்ணீரை மனித உரிமையாக்கும் சட்டத்தை ஆணையம் கொண்டுவரவில்லை. 2015-ல் நாடாளுமன்றமே அதைக் கண்டித்தது. 2020-ல் குடிநீர்ச் சட்டம் திருத்தப்பட்டபோதுதான், விளிம்புநிலை மக்களுக்கும் குடிநீர் கிடைக்க அரசுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று எழுதினார்கள்.

இது பாதி வெற்றி. மீதிப் பாதி ஏன் வரவில்லை? அங்கே சட்டத்தை முன்மொழியும் அதிகாரம் பெரும்பாலும் ஆணையத்திடமே இருக்கிறது; மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றத்திடம் இல்லை. சந்தை விதியை மீறினால் நீதிமன்றம் கேள்வி கேட்கிறது. 2017-ல் கோத்தன்பர்க்கில் அறிவித்த 20 சமூக உரிமைக் கோட்பாடுகளிலும் தண்ணீர் உண்டு. ஆனால் அதைக் காட்டி ஒரு ஏழை நேரடியாக வழக்குப் போட முடியாது.

பத்து லட்சம் பேர் கேட்டால், அதை நாடாளுமன்றம் வாக்கெடுப்புக்கு எடுத்தே தீர வேண்டும் என்று விதி வரவேண்டும். இது என் கருத்து. கேட்கும் உரிமை மட்டும் கொடுத்துவிட்டுப் பதில் சொல்லும் கடமையை வைக்காவிட்டால், மக்கள் சலித்துப்போவார்கள். 2024 தேர்தலில் ஏறக்குறைய பாதிப் பேர் ஓட்டே போடவில்லை.

பிள்ளைகளே, பாதி வெற்றியும் கேட்டதால் வந்ததுதான். அடுத்த தேர்தல் 2029-ல். ஓட்டை வீணாக்காதீர்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பேசுவோம்.