உதட்டுக் கொப்புளத்துக்கு அந்த டியூப் வேண்டாம்

உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் வந்துவிட்டால் நம் ஊரில் பழி உடம்புச் சூட்டின் மேல் விழும். இல்லையென்றால் ராத்திரி பல்லி மூத்திரம் பெய்துவிட்டதாகச் சொல்வார்கள். மருந்துக்கடையில் நின்று பல வருஷமாக இதைக் கேட்கிறேன். பாவம் பல்லி!

வேலையைக் காட்டுவது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ். பெரும்பாலும் சின்ன வயதில், யாரோ கொஞ்சிய முத்தத்தில் ஒட்டிக்கொள்வது. 50 வயதுக்கு உட்பட்டவர்களில் 64 சதவீதம் பேரிடம் இதன் முதல் வகை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. எனவே முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கிசுகிசுக்க வேண்டியதில்லை. முகத்துக்கு உணர்வு தரும் நரம்பின் முடிச்சில் அது ஆயுசுக்கும் பதுங்கியிருக்கும். காய்ச்சல், கத்திரி வெயில், தூக்கம் கெட்ட பரீட்சை நேரம், மாதவிலக்கு என்று ஏதாவது கிளப்பிவிட்டால் நரம்பு வழியே இறங்கி வரும். பலருக்கு அதே ஓரத்தில் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

முதலில் குறுகுறுவென்று எரியும். மறுநாளுக்குள் நீர் கோத்த சிறு கொப்புளங்கள் எழும்பும். அவை ஒன்றுகூடி உடைந்து, கசிந்து, மஞ்சளாகப் பொருக்குக் கட்டும். கொட்டாவி விட்டால் பொருக்கு வெடித்து ரத்தம் எட்டிப்பார்க்கும். பிய்க்காமல் விட்டால் பெரும்பாலும் பத்து நாளுக்குள் தழும்பில்லாமல் உதிர்ந்துவிடும்.

அசைக்ளோவிர் போன்ற மருந்து நன்றாகப் பிடிப்பது அந்தக் குறுகுறுப்பு நேரத்தில்தான். கடைக்கு வருகிறவர்களோ பொருக்குத் தட்டிய பிறகு வருகிறார்கள். வந்து கேட்பதும் "போன தடவை அரிப்புக்குக் குடுத்தீங்களே, அந்த டியூப்". அது ஸ்டீராய்டு, தடவிய இடத்தில் உடம்பின் எதிர்ப்பை அடக்குவது. வைரஸ் புண்ணில் அதை மட்டும் தடவுவது, காவல்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது மாதிரி. ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. இன்னும் எடுத்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. இதில் முதல் குற்றவாளி கேட்கிறவரல்ல, கொடுக்கிற நாங்கள்தான்.

அடிக்கடி வருகிறவர்கள் மருத்துவரைப் பார்த்து மருந்துச் சீட்டை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புண்ணைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்காதீர்கள். கண் சிவந்து வலித்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். கொப்புளம் முழுக்க ஆறும்வரை எந்தக் கைக்குழந்தைக்கும் முத்தம் கொடுக்காதீர்கள். பிறந்து சில வாரமே ஆன பிள்ளைக்கு இந்த வைரஸ் உயிருக்கே ஆபத்து.