வயோதிகத்தின் மேல் பழி போடலாமா?

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மாலையில் பாதம் வீங்குகிறது. இரவில் ஒரு தலையணை போதாமல் மூன்று தேவைப்படுகின்றன. வீட்டுப் பெரியவர் இப்படிச் சொன்னால், அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அவருக்குக் கிடைக்கும் பதில் ஒன்றே: "வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்." இந்தப் பதில் தவறானது. தவறென்று காட்டியவை இந்நாட்டிலேயே நடந்த ஆராய்ச்சிகள்.

இருதயச் செயலிழப்பு என்றால் இருதயம் நின்றுபோவது என்று அஞ்சுவோர் உண்டு. அது அவ்வாறன்று. உடலுக்கு வேண்டிய இரத்தத்தை அனுப்ப முடியாமல் இருதயம் திணறும் நிலையே அது. சிலருக்கு மாரடைப்பால் தசை பழுதுபட்டு இந்நிலை வருகிறது. வேறு சிலருக்கோ, உயர்ந்த இரத்த அழுத்தத்தை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் உழைத்த இருதயத்தின் சுவர் தடித்து விறைத்துப்போகிறது. இரத்தம் நுரையீரல் பக்கம் தேங்குவதால் மூச்சு முட்டுகிறது. சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்வதால் கால் வீங்குகிறது.

இந்த உண்மைகள் ஒரே நாளில் தெரியவந்தவை அல்ல. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிரேமிங்ஹாம் நகரில் 1948இல் தொடங்கி 5,209 பேரைச் சேர்த்து, இரண்டாண்டுக்கு ஒருமுறை பரிசோதித்து வந்தார்கள். அந்த ஆராய்ச்சியைப் பற்றி 1996இல் வெளியான அறிக்கை, இருதயச் செயலிழப்பு கண்டவர்களில் 91 சதவிகிதத்தினருக்கு அதற்கு முன்பே இரத்தக் கொதிப்பு இருந்ததாகக் கூறியது. 65 வயதைக் கடந்தவர்களை மட்டுமே சேர்த்த வேறோர் ஆராய்ச்சி 1989இல் நான்கு ஊர்களில் தொடங்கி, பின்னர் 5,888 பேராக வளர்ந்தது. இந்நோய் கண்ட முதியோரில் பாதிக்கு மேற்பட்டவர்களின் இருதயம் நன்றாகவே சுருங்குகிறது என்று அது காட்டிற்று. சுருங்கும் வலிமையை மட்டும் பார்த்து "இருதயம் நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட முடியாது என்பது இதனால் விளங்கும்.

80 வயதுக்குப் பிறகு மருந்து எதற்கு என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. அவ்வயதைக் கடந்த 3,845 பேரிடம் பல நாடுகளில் நடத்திய சோதனையின் முடிவு 2008இல் வெளியாயிற்று. இரத்த அழுத்தத்தைக் குறைத்தவர்களுக்கு இருதயச் செயலிழப்பு 64 சதவிகிதம் குறைந்தது.

ஆயினும் ஒரு குறை இருக்கிறது. இந்த ஏடுகளில் தமிழ்ப் பெரியவர்கள் எங்கே? தெற்காசியரின் இருதய நலத்தை ஆராய 2010இல் சான்பிரான்சிஸ்கோ வட்டாரத்திலும் சிகாகோவிலும் 906 பேரைச் சேர்க்கத் தொடங்கினார்கள். நற்பணிதான். ஆனால் அன்று சேர்வதற்கு ஆங்கிலமோ, இந்தியோ, உருதுவோ தெரிந்திருக்க வேண்டும். தமிழ் மட்டுமே அறிந்து, பேரப்பிள்ளைகளை வளர்க்க வந்த பாட்டிக்கு அங்கே வாசல் திறக்கவில்லை. அவருடைய உணவு, உழைப்பு, நோய் எதுவும் கணக்கில் ஏறவில்லை.

இதற்கு ஆராய்ச்சியாளரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. "அம்மாவைச் சோதனை எலியாக்குவதா?" என்று மறுத்துவிடும் பிள்ளைகளும் உண்டு. பிரேமிங்ஹாம் போன்ற ஆராய்ச்சியில் புதிய மருந்து எதுவும் கொடுப்பதில்லை. பரிசோதித்துக் குறித்துக்கொள்வதே வேலை. சம்மதமின்றி எவரையும் சேர்ப்பதில்லை. வேண்டாமென்றால் எப்போதும் விலகிக்கொள்ளலாம். அந்தச் சம்மதப் படிவத்தைப் பேரன் அவசரத்தில் பாதி மொழிபெயர்த்துச் சொல்வது போதாது. தமிழும் மருத்துவமும் அறிந்தவர்கள் இந்துச் சங்கங்கள்தோறும் இருக்கிறார்கள். அவர்கள் முன்வந்தால், தமிழிலும் கேள்விகளைக் கேளுங்கள் என்று பல்கலைக்கழகங்களிடம் சங்கங்கள் துணிந்து கோரலாம்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியவை பல. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாயைக் குறைக்கலாம். கோயிலுக்குப் போகும் நாளில் அடிக்கடி சிறுநீர் கழிக்க நேருமே என்று கூச்சப்பட்டு நீர் மாத்திரையை விட்டுவிடும் பெரியவர்கள் இருக்கிறார்கள். மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரைக் கேட்கலாம். இந்நோய் உள்ளவர் நாள்தோறும் காலையில் எடை பார்ப்பது நல்லது. சில நாட்களில் எடை மளமளவென்று ஏறினால் அது சதையன்று, நீர்.

பெற்றோரின் பாதத்தைத் தொட்டு வணங்கும் பிள்ளைகள், அந்தப் பாதம் வீங்கியிருக்கிறதா என்றும் பார்ப்பார்களாக.