தறிச்சத்தமும் கைபேசியின் செவியும்

பள்ளிபாளையத்தில் காவிரிக் கரையை விட்டு ஊருக்குள் நடந்தால் வீதிக்கு வீதி விசைத்தறிகளின் ஓசை கேட்கும். அந்த ஓசைக்கு நடுவே, விரல்களில் எண்ணெயும் பஞ்சுத்தூசியும் படிய நிற்கும் ஒரு தொழிலாளிக்கு, எழுத்துப் பலகையைத் தொடாமல் வாயால் சொல்லியே காரியத்தை முடித்துக்கொள்ளக் கைபேசி துணை செய்யுமானால், அதைவிட உசிதமான விஞ்ஞான சகாயம் வேறு இராது. எழுத்தறிவு முற்றுமுன்பே பள்ளியை விட்டுத் தறிக்கு வந்துவிட்ட பெண்களுக்கோ அது இன்னும் பெரிய சகாயம்.

இந்த வித்தை நேற்றுத் தோன்றியதன்று. 1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் அமைத்த 'ஆட்ரி' என்னும் யந்திரம், பழகிய குரலாயிருந்தால், சுழியம் முதல் ஒன்பது வரை இலக்கங்களை அடையாளம் கண்டது. தமிழ்நாட்டிலேயே 2006ஆம் ஆண்டு வாக்கில், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையின் துணையோடு, படிக்காத கிராமவாசிகள் சில சொற்களைப் பேசியே பயிர்ச் செய்திகளைப் பெறுமாறு 'தமிழ் மார்க்கெட்' என்றொரு ஏற்பாட்டைச் சோதித்துப் பார்த்தார்கள். 2017 ஆகஸ்டில் கூகுள் நிறுவனம் தமிழையும் தன் குரல்வழித் தட்டச்சில் சேர்த்தது. அதன்பின் இது சாமானியர் கைக்கு வந்தது.

ஆயினும், யந்திரம் தான் கேட்டுப் பழகிய குரல்களையே நன்றாய் அறியும். "பாவு தீந்து போச்சுங்க, சைசிங்ல இருந்து பீமு எப்பங்க வருது?" என்று, தீர்ந்துபோன தறிநூலைப் பற்றிக் கொங்குநாட்டு வழக்கில், அதுவும் தறி ஓடிக்கொண்டிருக்கையில் ஒருவர் கேட்டால், அமைதியான அறையில் நிதானமாய் வாசிக்கப்பட்ட வாக்கியங்களில் தேர்ந்த யந்திரம் தடுமாறுவது இயற்கை. எனக்கு விசனம் தருவது அந்தத் தடுமாற்றமன்று. தடுமாறியது யந்திரமாயிருக்க, மனிதர் தம் நாவையே குறை கூறிக்கொண்டு, வானொலிச் செய்தியாளரைப்போல் சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பேச முற்படுகிறாரே, அதுதான். ஊதியம் வாங்கும் குமாஸ்தாவிடம்கூட நாம் இவ்வளவு பணிந்து பேசுவதில்லை.

பரிகாரம் இல்லாமலில்லை. மத்திய அரசு 2022இல் தொடங்கிய 'பாஷினி' திட்டம், 'பாஷா தான்' என்ற பெயரில் ஜனங்களிடமே குரலைத் தானமாய்க் கேட்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் 'ஏஐ4பாரத்' குழுவினரோ, 22 இந்திய மொழிகளில் பல மாவட்டங்களில் இயல்பான பேச்சைப் பதிவு செய்து பொதுவில் வைத்து வருகிறார்கள்; அவர்களுடைய சிரத்தை மெச்சத்தக்கது. தானம் என்ற ஏற்பாட்டில்தான் எனக்குச் சம்மதமில்லை. நெய்த மீட்டருக்குக் கூலி வாங்கும் ஒருவர் அரைமணி நேரம் கைபேசியில் பேசினால் அரைமணி நேரத்துத் துணி குறையும். அந்த நஷ்டத்தையும் அவரே தாங்கிக் குரலையும் இலவசமாய்த் தரவேண்டும் என்பது எந்த நியாயம்?

தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற அரசு ஸ்தாபனம் ஒன்று இந்தக் குரல் சேகரிக்கும் வேலையை ஏற்று, பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் தறிக்கூடங்களுக்கே சென்று, சம்மதம் பெற்று, தறியை நிறுத்தாமல் அந்த இரைச்சலோடு பேச்சைப் பதிவு செய்து, அன்றைக்கே அதற்குரிய கூலியைக் கையில் கொடுத்துவிட வேண்டும். அதே கூடங்களில் வேலை செய்யும் ஒடிசா, பீகார்த் தொழிலாளர்கள் நம்மவரோடு பேசிப் பேசிக் கற்றுக்கொண்ட தமிழையும் அந்தப் பதிவில் விட்டுவிடலாகாது. மேஸ்திரிக்கு அது தெளிவாய் விளங்குகிறது.