புல்லா, பிளாஸ்டிக்கா?

மைசூரில் காலை 6 மணிக்கு எந்தத் திறந்த மைதானத்துக்குப் போனாலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான். செம்மண், திட்டுத் திட்டாகப் புல், ஒரு பந்து, அதைத் துரத்தும் இருபது பையன்கள். பலர் காலில் ஷூ கிடையாது. மைதானத்தைச் சீரமைக்க வேண்டும் என்ற பேச்சு வரும்போதெல்லாம் முதலில் எழும் கேள்வி: இயற்கைப் புல்லா, செயற்கைப் புல்லா?

பதிலுக்கு 145 கி.மீ. தள்ளியிருக்கும் பெங்களூரைப் பார்க்கலாம். 2013-14-ல் முதன்முதலாக ஐ-லீகில் இறங்கிய பெங்களூரு எஃப்.சி., அசோக் நகர் கால்பந்து ஸ்டேடியத்தின் செயற்கைத் தரையில் ஆடி அந்த ஆண்டே சாம்பியன் ஆனது. அடுத்த சீசனில் இயற்கைப் புல் உள்ள கண்டீரவா ஸ்டேடியத்துக்கு மாறிவிட்டது. உள்ளூர் லீக் ஆட்டங்கள் அசோக் நகரிலேயே தொடர்ந்தன. பெரியவர்களுக்குப் புல், மற்றவர்களுக்கு பிளாஸ்டிக்!

உலக அளவிலும் இதே கதைதான். 2015 பெண்கள் உலகக் கோப்பையின் எல்லா ஆட்டங்களும் கனடாவில் செயற்கைத் தரையில் நடந்தன. இது பாரபட்சம் என்று வீராங்கனைகள் முந்தைய ஆண்டே புகார் செய்தும் பலனில்லை. ஆண்களின் 2026 போட்டிக்கோ, செயற்கைத் தரை உள்ள அமெரிக்க ஸ்டேடியங்களும் இயற்கைப் புல்லுக்கு மாற வேண்டும் என்பது ஃபிஃபாவின் நிபந்தனை. கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்திலும் 2017-ன் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காக செயற்கைத் தரை அகற்றப்பட்டு புல் வளர்க்கப்பட்டது.

அதற்காக பிளாஸ்டிக்கை வில்லனாக்கிவிட முடியாது. மிசோரம், மேகாலயாவில் கொட்டும் மழையில் புல்தரை சேறாகிவிடும். செயற்கைத் தரை வந்த பிறகுதான் அங்கே பையன்களால் மழைக்காலத்திலும் ஒழுங்காக ஆட முடிந்தது. ஐஸ்வாலின் செயற்கைத் தரையில் வளர்ந்த ஐஸ்வால் எஃப்.சி. 2016-17-ல் ஐ-லீக் கோப்பையையே வென்றது. புல்தரை வாரத்தில் சில ஆட்டங்களுக்கு மேல் தாங்காது, ஓய்வு கேட்கும். செயற்கைத் தரையில் காலை முதல் இரவு வரை ஆடலாம்.

ஆனால் மைசூர், ஐஸ்வால் அல்ல. கோடை வெயிலில் செயற்கைத் தரையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடி பிரான்ஸிடம் 1-2 என்றுதான் தோற்றார்கள். இந்தத் தரையில் மத்தியானம் வெறுங்காலுடன் நிற்கக்கூட முடியாது. எட்டு, பத்து ஆண்டுகளில் தேய்ந்துவிடும். மாற்ற மறுபடி பெரும் செலவு. இடையில் நிரப்பும் ரப்பர் துகள்கள் மண்ணிலும் நீரிலும் கலக்கின்றன என்பதால் 2031-லிருந்து அவற்றின் விற்பனைக்கு ஐரோப்பிய யூனியன் தடை விதித்திருக்கிறது.

புல்லுக்கும் விலை உண்டு: தண்ணீர். 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலமுள்ள மைதானத்துக்கு நாளுக்கு 5 மில்லிமீட்டர் பாய்ச்சினாலே சுமார் 35,700 லிட்டர். குடிப்பதற்குக் காவிரியையும் கபினியையும் நம்பியிருக்கும் ஊரில் இது சின்ன விஷயமல்ல. 2024 கோடையில் பெங்களூர் பட்ட பாடு நினைவிருக்கும். சுத்திகரித்த கழிவுநீரைப் பாய்ச்சுவதுதான் வழி. அதற்குக் குழாய் போடாமல் புல் நடுவது வீண்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. செயற்கைத் தரை வந்தால் கூடவே வேலி வரும், பூட்டு வரும், மணிக்கு இவ்வளவு என்று கட்டணமும் வரும். ஹாக்கியில் பட்டது போதாதா? 1975-ல் உலகக் கோப்பையை வென்ற இந்தியா, ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலாக செயற்கைத் தரைக்குப் போன 1976-ல் மான்ட்ரியாலில் ஏழாவது இடத்துக்கு இறங்கியது. சரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அந்தத் தரை கிடைக்காத சிறு ஊர்ப் பையன்கள் ஆட்டத்தில் பின்தங்கிப் போனதை யாரும் மறுக்க முடியாது.

ஆகவே போட்டி நடக்கும் ஸ்டேடியத்தில் புல் இருக்கட்டும். நாள் முழுவதும் பயிற்சி நடக்கும் இடத்தில் வேண்டுமானால் ஒரு செயற்கைத் தரை போடட்டும். அதை மாற்றுவதற்கான பணத்தை முதல் நாளிலிருந்தே ஒதுக்கிவைக்க வேண்டும், கதவு மட்டும் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். மிச்சமுள்ள செம்மண் மைதானங்களைச் சமன்படுத்தி, மழைநீர் வடிய வழி செய்தால் போதும்.

ஸ்டேடியங்களில் 'பெர்முடா' என்ற பெயரில் வளர்க்கப்படுவது வேறொன்றுமல்ல, பிள்ளையாருக்குச் சாத்தும் நம் அருகம்புல்லின் இனம்தான். கொஞ்சம் தண்ணீரும் கவனிப்பும் கிடைத்தால் தானே வேரோடிக்கொள்ளும். மைதானத்தைப் பூட்டாமல் விட்டால், பையன்களும் அப்படித்தான்.